மருத்துவமனை, சொந்தக் கிளினிக், தோட்டம், சிங்கப்பூர்: களைத்துப்போன டாக்டருக்கு எது பொருந்தும்?

"அக்கா, வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்."

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் குடியிருந்துகொண்டு ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் வேலைக்குப் போய்வரும் இளைய டாக்டர்கள் என்னிடம் இதைச் சொல்லாத மாதம் குறைவு. விட்டுவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். கிளினிக் திறக்கலாம், சிங்கப்பூர் போகலாம், கொஞ்ச நாள் சும்மா இருக்கலாம். மூன்றும் மூன்று வேறு நோய்க்கான மருந்துகள். எதைத் தின்றால் பித்தம் தெளியும் என்று ஒவ்வொன்றாகத் தின்று பார்க்க முப்பது வயதுக்கு மேல் நேரம் இல்லை. படிப்புக் கடனின் தவணையும் காத்திருக்காது.

நான் அரசு மருத்துவமனை வார்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது கிளினிக் கெசிஹாத்தான் என்று எல்லோரும் அழைக்கும் அரசு சுகாதாரக் கிளினிக்கில் வேலை செய்கிறேன். ஆகவே என் தராசு அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வைத் தன் வகைப்பாட்டில் விளக்கியபோது அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் சரிவரக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தின் விளைவு என்றது. மூன்று அடையாளங்களையும் சொன்னது: உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி எல்லாவற்றையும் ஏளனமாகப் பார்ப்பது, தான் செய்வதில் பயன் இல்லை என்று தோன்றுவது. முதலாவது எல்லா டாக்டருக்கும் தெரியும். காலை 8 மணிக்கு வார்டுக்குள் நுழைந்து, இரவு முழுக்க ஆன்கால் என்ற அழைப்புப் பணி பார்த்து, மறுநாள் மாலை 5 மணிக்கு வெளியே வந்தால் 33 மணி நேரம். தூங்கினால் அதில் பாதி தீர்ந்துவிடும். இரண்டாவது அப்படித் தீர்வதில்லை. வார்டில் படுத்திருக்கும் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, வீட்டுக்கு எப்போது விடுவீங்க?" என்று கேட்கிறார். அவர் பெயர் நினைவுக்கு வரவில்லை, படுக்கை எண்தான் வருகிறது. அவர் கேள்வி எரிச்சலாகவும் இருக்கிறது. அங்கேதான் கவனிக்க வேண்டும்.

தூக்கமும் பசியும் போய், செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால், இந்தக் கட்டுரையின் ஒப்பீடுகள் உங்களுக்கு இல்லை. அது மனச்சோர்வு, அதற்கு மருத்துவம் இருக்கிறது. சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. பேராக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஈப்போவுக்கும் நமக்கும் நடுவே தஞ்சோங் ரம்புத்தான் இருக்கிறது. 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை வந்ததிலிருந்து அந்த ஊர்ப் பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது. நோயாளிகளிடம், "வெட்கப்படாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்று எழுதிக்கொடுக்கும் அதே டாக்டர், தனக்கென்று வரும்போது தூக்க மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். இதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை.

மற்றவர்கள் முதலில் தங்களையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை நேரம் பாதியாகக் குறைந்தால் இதே வேலையைச் செய்வேனா? செய்வேன் என்றால் உங்களைத் தின்பது நேரம். நேரம் இதேதான், ஆனால் எப்படி நடத்துவது என்பதை நானே முடிவு செய்யலாம் என்றால்? அதற்குத் தலையாட்டினால் உங்கள் சிக்கல், உங்கள் சொல் எங்கும் எடுபடாததுதான். ஒப்பந்த டாக்டர்களில் பலர் இந்த இரண்டாம் வகை. அரசு டாக்டர்களை நிரந்தரமாக எடுக்காமல் ஒப்பந்தத்தில் நியமிப்பது 2016 டிசம்பரில் தொடங்கியது. 2021 ஜூலை 26 அன்று கறுப்பு உடையில் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்ற ஒப்பந்த டாக்டர்கள் சம்பளத்துக்காக மட்டும் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு எந்த ஊரில் இருப்போம், மேற்படிப்புக்கு வாய்ப்பு உண்டா என்பதே தெரியாமல் வீடு எப்படி வாங்குவது, கல்யாணம் எப்படிப் பேசுவது? இரண்டு கேள்விக்கும் இல்லை என்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிக் கடைசியில்.

முதலில் கிளினிக் கெசிஹாத்தான். நேரத்தால் நொந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. காலையில் போய் மாலையில் திரும்பலாம். இரவு பெரும்பாலும் நம்முடையது. பிள்ளையின் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போக முடிகிறது. ஆனால் அது ஓய்வுக்கூடம் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே திகைத்துப்போகிறார்கள். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம் என்பதால் விடியும் முன்பே வாசலில் ஆள் நிற்கும். ஒருவருக்குச் சில நிமிடங்கள். நடுவில் மாத அறிக்கை, இலக்கு, தணிக்கை. இங்கேயும் சோர்வு உண்டு, அதன் நிறம்தான் வேறு. உயிர் போகும் அவசரம் கிடையாது. பத்தாண்டுகளாக இறங்காத சர்க்கரை அளவு உண்டு.

அந்தச் சர்க்கரைதான் இங்கே விஷயம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. எங்கள் ஊர்க் கிழவிகள் சொல்லும் 'இனிப்புநீர்' ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்கு. வார்டில் இருந்தபோது நான் பார்த்தது அதன் கடைசி அத்தியாயம்: கறுத்துப்போன கால்விரல், டயாலிசிஸ் ஊசி ஏறாத கை. இங்கே அதே மனிதரின் காலணியைக் கழற்றச் சொல்லி, பாதத்தடியில் அவருக்கே தெரியாமல் இருந்த கொப்புளத்தை விரலால் காட்ட முடிகிறது. "இது எப்போது வந்தது ஐயா?" "தெரியலயேம்மா, வலிக்கவே இல்ல." வலிக்காததுதான் கவலை என்று சொல்லி, ஜப்பான் சிலிப்பரை விட்டுவிட்டு மூடிய காலணி போடச் சொல்லி அனுப்புகிறோம். அந்தக் கால் தப்பினால் யாரும் கைதட்டப் போவதில்லை. ஆனால் எனக்கு வேலை பிடிக்கத் தொடங்கியது இங்கேதான்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரு சொல்: வெறும் இடமாற்றமாக வராதீர்கள். குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு முதுகலை வழியாகவும் உண்டு, மலேசியக் குடும்ப மருத்துவர் கழகத்தின் வழியாக வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பாதையும் உண்டு. படிப்பு இல்லாமல் வந்தவர்கள் சில ஆண்டுகளில் மறுபடியும், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். பார்த்த நோயையே பார்க்கும்போது, அதற்குள் இன்னும் ஆழமாகப் பார்க்கக் கற்றவர்தான் சலிக்காமல் இருக்கிறார்.

அடுத்தது சொந்தக் கிளினிக். நம்மவர்களின் கனவில் டாக்டர் என்றால் இதுதான். பெரிய தெருவில் ஒரு கடைவீடு, பெயர்ப்பலகை, 'கைராசிக்காரர்' என்ற பட்டம். தன் சொல் எடுபட வேண்டும் என்று ஏங்குகிறவருக்கு இது கொடுக்கும் நிறைவை வேறு எதுவும் கொடுக்காது. யாரைக் கேட்டும் விடுப்பு எடுக்க வேண்டாம். தாத்தா, மகன், பேரன் என மூன்று தலைமுறை ஒரே அட்டைப்பெட்டிக் கோப்பில் இருக்கும். பேரனின் இருமலைக் கேட்கும்போதே தாத்தாவுக்குக் காசநோய் வந்தது நினைவுக்கு வரும். ஆய்வு எழுதுகிறவர்கள் 'நோயாளி–மருத்துவர் உறவு' என்று நீட்டி முழக்குவது இங்கே கோப்பைத் திறந்தாலே கிடைக்கும்.

கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் வேறு கதை. தனியார் கிளினிக்கில் ஆலோசனைக் கட்டணம் 2006-ஆம் ஆண்டு விதிமுறைகளில் 10 முதல் 35 ரிங்கிட் என்று கட்டப்பட்டு, வாடகையும் சம்பளமும் ஏறிய பிறகும் நெடுங்காலம் அங்கேயே நின்றது. அதனால் மருந்தில் வைக்கும் லாபம்தான் பல கிளினிக்குகளைக் காப்பாற்றியது. 2025 மே முதல் தேதியிலிருந்து மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்றானபோது டாக்டர்கள் புத்ராஜெயாவில் பேரணியாக நடந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. (விலையைக் காட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. கட்டணத்தைக் கட்டிப்போட்டுவிட்டு விலையை மட்டும் திறந்ததுதான் உறுத்தியது.) தொழிற்சாலை, ஆலை ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்களின் பட்டியலில் இருந்தால் கூட்டம் வரும், ஆனால் நடுவில் இருக்கும் நிர்வாக நிறுவனம் கட்டணத்தை வெட்டும், பணத்தையும் தாமதமாக அனுப்பும். தோட்டப் பட்டணத்தில் இதற்கு மேல் ஒன்று உண்டு. முகப்பு மேசை இழுப்பறையில் ஒரு 555 நோட்டு, கடன் எழுதி வைக்கும் சிறு புத்தகம். "சம்பளம் வந்ததும் தருகிறேன் டாக்டர்." மூத்த டாக்டர் ஒருவர் அந்த நோட்டை ஆண்டுக் கடைசியில் கிழித்துப் போட்டுவிடுவார். அது அவரால் முடியும், கடைவீடு அவருடையது. வங்கிக் கடனில் கடை எடுத்த இளையவரால் முடியாது. அப்போது நோயாளி கதவைத் திறக்கும்போதே அவர் பாக்கி வைத்த தொகைதான் மனதில் ஓடும். வார்டில் படுக்கை எண், இங்கே ரிங்கிட்.

நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். காலை 9 முதல் இரவு 9 வரை, சனிக்கிழமையும். கடை மூடினால் வருமானமும் மூடும். மாற்று டாக்டரை வைத்துவிட்டுப் போனால், "டாக்டர் இல்லையா? அப்ப நாளைக்கு வரேன்" என்று பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது மருந்தல்ல, நீங்கள். ஆகவே ஆன்கால் தாளாமல் வெளியே வந்தவர் தனியாகக் கிளினிக் திறப்பது, எண்ணெய்ச் சட்டியிலிருந்து தப்பி அடுப்பில் விழுவதுதான். இருவர் சேர்ந்து திறப்பதை மட்டுமே நான் ஆதரிப்பேன். வாரம் மூன்று நாள் ஒருவர், மூன்று நாள் மற்றவர். பங்கு, விடுப்பு, பிரிந்தால் நோயாளிக் கோப்புகள் யாருக்கு என்பதையெல்லாம் வழக்கறிஞர் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். நண்பன்தானே என்று விட்டவர்கள் பிற்பாடு நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள்.

மூன்றாவது வழியை ஏனோ இளையவர்கள் யோசிப்பதே இல்லை: தொழில்சார் சுகாதார மருத்துவர், அதாவது வேலையால் வரும் கேட்டிலிருந்து தொழிலாளர்களைக் காக்கும் டாக்டர். தோட்டங்கள் நிறைந்த இடத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் போவது எனக்கு வியப்பு. தோட்டத்தில் டாக்டர் என்பது புதிய ஏற்பாடும் அல்ல. நம் பெற்றோர் காலத்தில் தோட்ட ஆஸ்பத்திரி இருந்தது, அதில் டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். அவருக்கென்று 1965-இல் ஒரு பதிவுச் சட்டமே உண்டு. குறித்த நாளில் டாக்டர் வந்து போவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தமிழர்கள் பட்டணத்துக்கு நகர்ந்த பின் அந்த ஆஸ்பத்திரிகள் பல மூடிவிட்டன. தோட்ட வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது. இப்போது அதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர்.

சட்டம் டாக்டரைக் கேட்கிறது. அபாயகரமான வேதிப்பொருள்களைக் கையாளுகிறவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு விதிமுறை. செம்பனை ஆலை இரைச்சலில் நிற்கிறவர்களின் காதைச் சோதிப்பது 2019-ஆம் ஆண்டு விதிமுறை. இதற்குப் பயிற்சி பெற்று, தொழில்சார் பாதுகாப்பு சுகாதாரத் துறையில் பதிந்துகொண்ட டாக்டர் வேண்டும். பராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 முதல் தடை செய்யப்பட்டாயிற்று, மருந்தடிப்பு நிற்கவில்லை. மருந்தடிக்கும் பெண்ணின் சட்டையை முதுகுப் பக்கம் பார்த்தால், பம்பின் வார் படுகிற இடத்தில் ஈரம் ஒரு பட்டையாக இருக்கும். அது வியர்வையா, மூடி சரியில்லாமல் கசிந்த மருந்தா என்று கேட்க ஒரு டாக்டர் வேண்டும். அவர் சோதனை முடிவை எழுதி, "இந்தப் பம்பை மாற்று" என்று நிர்வாகத்திடம் சொன்னால், ஒரு பெண்ணோடு நிற்காமல் முழு அணியும் தப்பும். தன் வேலைக்குப் பயன் இல்லை என்று தோன்றியவருக்கு இது நல்ல மருந்து.

குறை, சம்பளம் கொடுப்பது யாரோ அவரையே கண்டிக்க வேண்டியிருப்பது. வளைந்து கொடுக்கிறவர் இதில் இரண்டாம் முறை நோவார். வருமானமும் நிலையானதல்ல. எனவே இதை முழு வேலையாக எடுக்காமல், கூட்டாகத் திறந்த கிளினிக்கோடு வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்று சேர்ப்பதே கெட்டிக்காரத்தனம்.

அந்த 'ஒரு நாள்' நான் பிடித்த கணக்கல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2009-இல் கல்விசார் மருத்துவர்களிடம் பார்த்தார்கள். தங்களுக்கு அதிக அர்த்தம் தரும் வேலையில் நேரத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செலவிட்டவர்களில் 53.8 விழுக்காட்டினர் பணிச்சோர்வில் இருந்தனர். அதற்கு மேல் செலவிட்டவர்களில் 29.9. அவர்கள் பெரிய மருத்துவமனைக்காரர்கள், நம் நிலைமை வேறு. ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் என்பது கையில் பிடிக்கக்கூடிய அளவு. ஒருவருக்கு அது தோட்டம். இன்னொருவருக்கு லிந்தாங் வழியாக உள்ளே இருக்கும் ஒராங் அஸ்லி பூர்வகுடிக் கிராமங்களுக்குப் போகும் நடமாடும் கிளினிக். மற்றொருவருக்குப் பயிற்சி டாக்டர்களுக்குப் பாடம் எடுப்பது. நம் தொகுதியிலேயே நுரையீரல் நிபுணர் ஜெயக்குமார் தேவராஜ் தோட்டத் தொழிலாளர் பிரச்சினைகளில் இறங்கி, 2008-இல் நாடாளுமன்றம் வரை போனார். எல்லோரும் தேர்தலில் நிற்க வேண்டியதில்லைதான்.

சிங்கப்பூரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீங்கள் படித்த பல்கலைக்கழகம் அவர்கள் பட்டியலில் உண்டா என்பதே முதல் கேள்வி. இல்லையென்றால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். உண்டு என்றால் சம்பளமும் நாணய மாற்றும் சேர்ந்து கடனைச் சில ஆண்டுகளில் அடைத்துவிடும். நேரம் குறையாது, அழுத்தமும் குறையாது. கடன்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் போங்கள், திரும்பும் ஆண்டை முன்பே குறித்துக்கொண்டு போங்கள். ஈப்போ தனியார் மருத்துவமனையில் மருத்துவ அதிகாரியாகச் சேர்வது இதன் சிறிய பதிப்பு. நிபுணர்களின் நோயாளிகளை இரவில் பார்த்துக்கொள்ளும் வேலை. மூச்சு வாங்க ஓராண்டுக்குச் சரி. அதற்கு மேல் அதில் வளர்ச்சியை நான் கண்டதில்லை.

இரண்டு கேள்விக்கும் இல்லை என்றவர்களுக்கு வருகிறேன். முதலில் விடுப்பு, பிறகு முடிவு. அரசு வேலையில் சம்பளமில்லா விடுப்பு கேட்கும் வழி இருக்கிறது. கிடைப்பது மேலதிகாரியைப் பொறுத்தது, ஆனாலும் எழுத்தில் கேளுங்கள். சில வாரம் தூங்கி எழுந்த பிறகும் நோயாளியின் முகத்தைப் பார்க்கவே மனம் வரவில்லை என்றால், மருத்துவத்தை விடுவது பாவம் ஒன்றும் இல்லை. காப்புறுதி, பொதுச் சுகாதாரம், மருத்துவ எழுத்து என்று போனவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். மருத்துவம் பார்ப்பதற்கான ஆண்டுச் சான்றிதழை மட்டும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். கதவைச் சாத்தலாம், சாவியை எறிய வேண்டாம்.

யோகா, தியானம், நன்றிக் குறிப்பேடு என்று பட்டியல் போடவில்லையே என்று கேட்கலாம். 2016-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு, தனிமனிதப் பயிற்சிகளும் வேலை அமைப்பு மாற்றங்களும் உதவுகின்றன என்றது. மொத்தத்தில் பணிச்சோர்வு 54 விழுக்காட்டிலிருந்து 44-க்கு இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வில் அமைப்பு மாற்றத்துக்கே பலன் அதிகம். தியானம் செய்துவிட்டு அதே 33 மணி நேரத்துக்குத் திரும்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எந்த வழியிலும் மாறாத ஒன்று இந்த ஊர். மாரியம்மன் கோவில் திருவிழா வரிசையில் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டுவார்கள். துக்க வீட்டில், "அந்த மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா?" என்று கேட்பார்கள். இரவு 11 மணிக்குக் குழந்தையின் தடிப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். சொந்தக் கிளினிக் வைத்தவருக்கு இது உச்சம், சிங்கப்பூர் போனவருக்கு விடுமுறையில் மட்டும். இதைச் சுமையாக மட்டும் பார்க்கிறவர் ஈப்போவில் வீடு பாருங்கள், ரயிலில் போய்வரும் தூரம்தான். எனக்கு இது பாதிச் சுமை, பாதி உரம். மனைவியிடம் ஒரு எண், ஊருக்கு வேறு எண் என்று வைத்துக்கொண்டு, இரவில் ஊர் எண்ணை அணைத்துவிடுகிற டாக்டர் ஒருவரைத் தெரியும். அவசரமென்றால் மருத்துவமனைக்குப் போகச் சொல்லும் தானியங்கிப் பதில் அதில் இருக்கிறது. முதல் மாதம் ஊர் கோபித்துக்கொண்டது. பிறகு பழகிவிட்டது.

ஆக, நேரத்தால் நொந்தவருக்கு மேற்படிப்போடு கிளினிக் கெசிஹாத்தான். சொல் எடுபடாமல் நொந்தவருக்குக் கூட்டாளியோடு கிளினிக், வாரம் ஒரு நாள் தோட்டம். கடனால் நொந்தவருக்குச் சிங்கப்பூர், திரும்பும் தேதியோடு. வேலையே வெறுத்தவருக்கு விடுப்பு.

எதைத் தேர்ந்தாலும் வீட்டில் சொல்வதுதான் கடினம். சேமநிதியை எடுத்து, நகையை விற்று நம்மைப் படிக்கவைத்த தலைமுறைக்கு, 'மருத்துவமனை டாக்டர்' கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போவது பதவி இறக்கமாகத் தெரியும். கடிதம் கொடுத்த பிறகு சொல்லாதீர்கள், அதற்கு முன் சொல்லுங்கள். மனநிறைவு, வாழ்வின் பொருள் என்றெல்லாம் பேசத் தொடங்கினால் அப்பாவுக்குப் பயம்தான் கூடும். புதிய சம்பளம் எவ்வளவு, கடன் தவணை எவ்வளவு, மாதம் வீட்டுக்குக் கொடுப்பது குறையுமா குறையாதா என்று தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். தோட்டக் கணக்கில் வளர்ந்தவருக்கு அந்தத் தாள் புரியும்.